நின்றுபோகாத கணினியும் நம்பத்தகுந்த கணினியும்

சற்று நீண்ட பதிவு. கணினியைக் கொண்டு ஆய்வு செய்யும் மாணவர்களும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

மைசூரு அக்ரஹாரத்தில் ஒரு மாடியறையில் தங்கி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இந்நகரில் இயங்குகிறது. பழைய மைசூர்ப் பகுதியின் தமிழ்க் கல்வெட்டுகளை நேரில் சென்று பார்ப்பதற்கும் இது வசதியான ஊர். கோலார், தலைக்காடு முதலிய இடங்களில் சோழராட்சிக் காலத்தில் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். பி. எல். ரைஸ் 1886இல் தொடங்கிய ‘எபிகிராஃபியா கர்னாடிகா’ தொகுதிகளில் அவை அச்சேறியுள்ளன. அவற்றில் ரகரமும் றகரமும், லகரமும் ளகரமும் எங்கெங்கு, எக்காலத்தில் ஒன்றுக்கொன்று மயங்கி வருகின்றன என்பது என் ஆய்வேட்டின் ஓர் இயல்.

இதற்காக ஒவ்வொரு சொல்வடிவத்தையும் மற்ற எல்லாச் சொல்வடிவங்களோடும் ஒப்பிடும் நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். 50,000 வடிவங்கள் இருந்தால் ஏறத்தாழ 125 கோடி இணைகளை ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மட்டும் வேறுபடும் இணைகளைப் பிரித்தெடுத்துப் பட்டியலிடுவதே நிரலின் வேலை. அதை ஓட்டுவதற்கு எதிர் வீட்டுத் தம்பியிடமிருந்து ஒரு மேசைக்கணினியை வாங்கினேன். பொறியியல் மாணவர், தம் கையாலேயே உறுப்புகளைத் தேர்ந்து பூட்டியவர், பிராசசரையும் நினைவகத்தையும் அவற்றுக்குக் குறிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் முடுக்கி வைத்திருந்தார். இப்படி முடுக்குவதைத்தான் ஓவர்க்ளாக்கிங் என்கிறார்கள். உதவித்தொகையில் வாழும் ஒருவருக்குச் செலவில்லாமல் கிடைக்கும் கூடுதல் வேகம் சிறிய விஷயமன்று.

எந்தப் பட்டியலையும் இயலில் சேர்ப்பதற்குமுன் நிரலை இரு வேறு நாள்களில் ஓட்டி இரண்டு வெளியீடுகளையும் ஒப்பிடுவது என் வழக்கம். ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரம் முழுவதும் அந்த ஒப்பீடு பொருந்தவில்லை. நிரலும் தரவும் மாறவில்லை. ஆனால் பட்டியல்களில் மொத்தம் 11 இடங்களில் வேறுபாடு இருந்தது. பெரும்பாலானவை வெறும் குப்பை: எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக்கட்டம், பொருளற்ற குறி. இரண்டு இடங்களில் எண்ணிக்கை பிசகியிருந்தது. ஒன்றில் 64 கூடுதல், மற்றொன்றில் 1,024 கூடுதல். எஞ்சிய ஒன்றுதான் என்னை உறையவைத்தது. மூலத்தில் ‘ஏரி’ என்றிருந்த சொல் ஓர் இரவின் வெளியீட்டில் ‘ஏறி’ என்று வந்திருந்தது.

இதன் தீவிரம் விளங்க, யூனிகோடில் நம் எழுத்துகள் எப்படி அமைந்துள்ளன என்று பார்க்க வேண்டும். ரகரத்தின் எண் 2992. றகரத்தின் எண் 2993. லகரம் 2994, ளகரம் 2995. ந 2984, ன 2985. ஒவ்வோர் இணையிலும் முதலாவது இரட்டைப்படை, அடுத்தது ஒற்றைப்படை. கணினியின் இருமக் கணக்கில் இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு கடைசி பிட் மட்டுமே. நினைவகத்தில் அந்த ஒரு பிட் பூச்சியத்திலிருந்து ஒன்றாகப் புரண்டால் ‘மரம்’ ‘மறம்’ ஆகிவிடும். ‘வலி’ ‘வளி’ ஆகிவிடும். கல்தச்சனும் ஏடெழுதுவோனும் தடுமாறிய அதே இடங்களில் மின்னணுச் சில்லும் தடுமாற முடியும். எழுத்து மயக்கத்தை ஆராயும் இயலுக்கு, எழுத்து மயக்கத்தைத் தானே உற்பத்தி செய்யும் கணினியைவிட ஆபத்தான கருவி இல்லை. குப்பைக் குறிகளை யாரும் கண்டுபிடித்துவிடுவர். ‘ஏறி’யை ஒருவரும் ஐயுறமாட்டார், நல்ல எடுத்துக்காட்டு என்று அடிக்குறிப்பில் சேர்த்துவிடுவர்.

64உம் 1,024உம் இரண்டின் அடுக்குகள் என்பது முதல் துப்பு. 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் மின்னணு வாக்கெண்ணிக்கையின்போது ஒரு வேட்பாளருக்குச் சரியாக 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்திருந்தன. அவருக்குக் கிடைக்கக்கூடிய உச்ச எண்ணிக்கையையே அது தாண்டியதால் ஐயம் எழுந்தது. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. ஒரே ஒரு பிட் புரண்டதே காரணமாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். பிழையின் அளவு இரண்டின் அடுக்காக இருந்தால் நிரலைக் குறைகூறுவதற்குமுன் நினைவகத்தை நோக்க வேண்டும்.

ஆயினும், வன்பொருளின்மேல் பழிபோடுவதற்குமுன் நீக்கவேண்டிய ஐயங்கள் சில உண்டு. பல இழைகளில் ஓடும் நிரலில் தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கங்கள் மாறும். தற்செயல் எண்களின் தொடக்க விதையை நிலைநிறுத்தாவிட்டாலும் விடை மாறும். இவை கணினியின் கோளாறுகள் அல்ல. என் நிரல் முழு எண்களையும் எழுத்துகளையும் மட்டுமே கையாள்வதால் அந்த விளக்கங்கள் பொருந்தவில்லை. அடுத்து, மூலக்கோப்பின் சரிபார்ப்பு எண்ணைக் கணித்துப் பார்த்தேன். ஒரு நாள் பிற்பகல் அந்த எண் பொருந்தவில்லை. கணினியை மறுபடி தொடங்கியதும் பொருந்தியது. வட்டில் இருந்த கோப்பு பழுதுபடவில்லை. அதிலிருந்து எடுத்து நினைவகத்தில் வைக்கப்பட்ட படிதான் பழுதுபட்டிருந்தது. இதுவே இரண்டாம் துப்பு.

தம்பியிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை.

“அக்கா, எட்டு மணி நேரம் தொடர்ந்து கேம் ஓட்டியிருக்கேன். ஒரு தடவைகூட நின்னதில்லையே!”

அவர் சொன்னது உண்மை. விளையாட்டில் ஒரு படச்சட்டத்தில் ஒரு புள்ளியின் நிறம் மாறினால் அடுத்த படச்சட்டத்தில் அது மறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. அவருக்கு ‘ஸ்டேபிள்’ என்றால் நின்றுபோகாத கணினி. எனக்கு அது விடை மாறாத கணினி. ஒரே சொல்லை இருவரும் இரு பொருளில் வழங்கிக்கொண்டிருந்தோம். பிறகு இருவரும் சேர்ந்தே கோளாற்றைத் தேடினோம். பயாஸ் அமைப்புகளின் நுணுக்கம் அவருக்குத் தெரியும். எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

முடுக்கும்போது உள்ளே நடப்பது என்ன? பிராசசரின் ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் மின்குறி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று நிலைபெற வேண்டும். 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் அதற்குக் கிடைக்கும் நேரம் 250 பிகோநொடி. பிகோநொடி என்பது ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வேகத்தை 5 கிகாஹெர்ட்ஸாக உயர்த்தினால் 200 பிகோநொடிதான் மிஞ்சும். குறி நிலைபெறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் பூச்சியம் ஒன்றாகவோ ஒன்று பூச்சியமாகவோ படிக்கப்படும். மின்னழுத்தத்தைக் கூட்டினால் குறி விரைந்து நிலைபெறும். ஆனால் மின்செலவு அழுத்தத்தின் இருமடியாகவும் வேகத்தின் விகிதத்திலும் ஏறும். வேகத்தையும் அழுத்தத்தையும் 10 விழுக்காடு கூட்டினால் மின்செலவு ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும். அந்த மின்செலவு முழுவதும் வெப்பமாக வெளிவரும்.

நினைவகத்தின் கதை வேறு. ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பே இன்றும் தொடர்கிறது: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய மின்தேக்கி. அத்தேக்கி ஓட்டைக் குடம். அதிலுள்ள மின்னேற்றம் ஓயாது கசிந்துகொண்டிருக்கும். டிடிஆர்4 நினைவகத்தில் 64 மில்லிநொடிக்கு ஒருமுறை எல்லாத் தேக்கிகளையும் மீண்டும் நிரப்பியாக வேண்டும். வெப்பம் கூடினால் கசிவும் கூடும். 85 பாகைக்கு மேல் அந்த இடைவெளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது தர விதி. இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: டிடிஆர்4க்கு வகுக்கப்பட்ட தர வேகங்களின் உச்சம் 3,200. அதற்கு மேல் 3,600 என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ஒரு சொடுக்கில் அது இயங்கினாலும், அதுவும் ஓவர்க்ளாக்கிங்கே. 1.2 வோல்ட்டுக்குப் பதில் 1.35 வோல்ட் தந்துதான் பெரும்பாலும் அவ்வேகம் எட்டப்படுகிறது.

எங்கள் கணினியில் நான்கு நினைவகப் பலகைகள் இருந்தன. இரண்டு இணைகள், வெவ்வேறு காலத்தில் வாங்கப்பட்டவை. இரண்டை 3,600இல் ஓட்டுவதைவிட நான்கை ஓட்டுவது நினைவகக் கட்டுப்பாட்டகத்துக்குக் கடினம். அந்தக் கட்டுப்பாட்டகம் இன்று பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே நினைவகப் பிழைபோல் தோன்றுவது பிராசசரின் பிழையாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒருசேர முடுக்கியிருந்தால் யார் குற்றவாளி என்று பிரித்தறிய இயலாது. எனவே நாங்கள் மேற்கொண்ட நெறி ஒன்றுதான்: ஒரு முறைக்கு ஒரே மாற்றம், ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்தோடும் அறை வெப்பத்தோடும் ஏட்டில் பதிதல்.

முதலில் எல்லா முடுக்கங்களையும் நீக்கிக் கணினியை இயல்பு அமைப்புக்குக் கொண்டுவந்தோம். மூன்று நாள்கள், ஆறு ஓட்டங்கள். ஆறு வெளியீடுகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இப்படி ஒன்றாக வராமல் போயிருந்தால் மின்வழங்கி, வட்டு, நிரல் ஆகியவற்றை ஆராய வேண்டியிருக்கும். அடுத்து நினைவகத்தை மட்டும் 3,600க்கு உயர்த்தி, பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட் சோதனையை ஓட்டினோம். அது இயங்குதளம் எதுவும் இல்லாமல் நினைவகத்தில் தெரிந்த வடிவங்களை எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் நிரல். இரவு முழுவதும் ஒரு பிழைகூட இல்லை. தம்பியின் முகத்தில் வெற்றி. மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, மாடித்தளம் காய்ந்து அறை அனலாக இருந்தபோது, அதே சோதனையை மீண்டும் ஓட்டினோம். நாற்பது நிமிடத்தில் முதல் பிழை விழுந்தது. மைசூரு குளிர்ச்சியான ஊர் என்று பெயர். ஏப்ரல் மாடியறைக்கு அப்பெயர் பொருந்தாது. குளிர்ந்த இரவில் தேர்ச்சி பெற்ற அமைப்பு வெயில் நேரத்தில் தோற்றது. சோதனையை மிகக் கடினமான நேரத்தில் வைக்க வேண்டும் என்பது அன்று கிடைத்த பாடம்.

பிறகு நினைவகத்தை இறக்கிவிட்டுப் பிராசசரை மட்டும் முடுக்கினோம். இதற்குப் பயன்படுத்தியது பிரைம்95. ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கிய மெர்சென் பகா எண் தேடலுக்காக எழுதப்பட்ட நிரல் அது. ஒரு பகா எண்ணைச் சரிபார்க்கப் பல நாள்கள் இடைவிடாது கணக்கிட வேண்டும். நடுவில் ஒரு பிட் புரண்டாலும் அத்தனை நாளும் வீண். ஆகவே விடை முன்பே தெரிந்த கணக்குகளைத் தந்து கணினியைச் சோதிக்கும் வசதியை அதில் வைத்தார்கள். சிறிய அளவுக் கணக்குகள் பிராசசருக்குள் இருக்கும் கேஷிலேயே முடிந்துவிடும். ஆதலால் அவை பிராசசரை மட்டும் வாட்டும். பெரிய அளவுக் கணக்குகள் நினைவகத்தையும் கட்டுப்பாட்டகத்தையும் சேர்த்து வாட்டும். சிறிய கணக்கில் ஒரு கோர் மட்டும் ஒன்றரை மணி நேரத்தில் தவறிய விடை தந்து நின்றது. மற்றவை தொடர்ந்து ஓடின. கணினி அப்போதும் நிற்கவில்லை, நீலத்திரை வரவில்லை, பாட்டு ஓடிக்கொண்டேயிருந்தது.

அதாவது, இரண்டு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருந்தன. தம்பி மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டலாம் என்றார். அது செல்லுபடியாகும் வழிதான். ஆனால் நிரந்தர வழியன்று. 2024இல் இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசசர்கள் பல நாளடைவில் நிலைகுலைந்தன. தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தமே காரணம் என்று அந்நிறுவனம் அறிவித்து, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. மிகுந்த அழுத்தம் சில்லை முதுமையாக்குகிறது. இன்று தேறுவது அடுத்த ஆண்டு தேறாது. முனைவர் பட்ட ஆய்வோ ஐந்தாண்டுப் பயணம்.

தெரிந்த விடையோடு ஒப்பிட்டுக் கருவியைச் சோதிக்கும் இம்முறைக்கு இப்பகுதியிலேயே பழைய முன்மாதிரி உண்டு. வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீள அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெப்பத்தில் சங்கிலி நீளும் என்பதால் வெயில் படாமல் காத்து, வெப்பமானிகளை வைத்துக் கணக்கைத் திருத்தினார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக மைசூர்ச் சமவெளி நோக்கிக் கணக்கு நகர்ந்தது. ஒவ்வொரு முக்கோணமும் உள்ளுக்குள் பொருந்தியே வந்தது. அதோடு அவர் நிறைவடையவில்லை. 1804இல் பெங்களூரு அருகே இன்னொரு கோட்டை நேரில் அளந்து, கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். வேறுபாடு சில அங்குலங்களே. அதன்பிறகே சங்கிலியும் கணக்கும் நம்பத்தக்கவை ஆயின.

1994இல் அமெரிக்காவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். பென்டியம் கணினியின் விடை பழைய கணினிகளின் விடையோடு ஒத்துவரவில்லை. நிரலையும் மதர்போர்டையும் ஒவ்வொன்றாக நீக்கி ஆராய்ந்து, பிராசசரின் வகுத்தல் சுற்றிலேயே பிழை இருப்பதை நிறுவினார். 47.5 கோடி டாலர் செலவை இன்டெல் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று. லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய சில்லின் குறையைக் கண்டுபிடித்தது ஒரே கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்க்கும் ஆசிரியரின் பழக்கம்.

சுவடிப் பதிப்பின் நெறியும் வேறன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஒரு சுவடியோடு நிறைவடையாமல் பல சுவடிகளைத் தேடித் தொகுத்து ஒப்பிட்டார். ஒரே படி மட்டும் இருந்தால் பிழையும் பாடமும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டாம் படி வந்த பிறகே பாடபேதம் என்ற சொல்லுக்கே இடமுண்டு. கணினி வெளியீட்டையும் ஒரு சுவடியாகவே கருத வேண்டும் என்பது இவ்வனுபவத்தில் நான் வந்தடைந்த முடிவு.

எங்கள் கணினி இப்போது இயல்பு வேகத்தில் ஓடுகிறது: நினைவகம் 3,200, பிராசசருக்கு முடுக்கம் இல்லை. 9 மணி நேரத்தில் முடிந்த ஒப்பீடு 10 மணி 20 நிமிடம் எடுக்கிறது. வேகத்துக்கு நான் கொடுக்கும் விலை இரவில் 80 நிமிடம். அந்நேரத்தில் நான் உறங்கிக்கொண்டிருப்பேன். பிற்பகல் வெயிலில் நடத்திய பத்து ஓட்டங்களிலும் ஒரு வேறுபாடும் இல்லை. இயலின் பட்டியல் முழுவதையும் இவ்வமைப்பில் புதிதாகவே உருவாக்கி, மே மாத ஆய்வுக்குழுக் கூட்டத்தில் வைத்தேன். தம்பி தம் புதிய கணினியை முடுக்கித்தான் வைத்திருக்கிறார். அது அவருடைய கலை. அதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் இப்போது அவரும் பிரைம்95ஐப் பிற்பகலில் ஓட்டுகிறார்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011இல் ஏறத்தாழ 10 லட்சம் கணினிகளின் செயலிழப்புப் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், சிறிதளவு முடுக்கமே நம்பகத்தைக் குறைக்கிறது என்றும், வன்பொருள் காரணமாக ஒருமுறை நின்ற கணினி மீண்டும் நிற்கும் வாய்ப்பு மிகப் பெரிது என்றும் காட்டினார்கள். அவர்கள் எண்ணியவை நின்றுபோன கணினிகளை. நிற்காமல் தவறியவை எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. பிழைதிருத்தும் இசிசி நினைவகம் இருந்தால் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து ஒற்றைப் பிழையைத் திருத்தும், இரட்டைப் பிழையை அறிவிக்கும். ஆனால் நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது அது இல்லாத மலிவான கணினி.

ஆகவே மாணவ நண்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள். கணினி உங்களிடம் வந்தவுடன் பயாஸைத் திறந்து நினைவக வேகத்தையும் மின்னழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறர் கட்டிய கணினியானால் இது கட்டாயம். மூலக்கோப்புகளின் சரிபார்ப்பு எண்களைத் தனியே எழுதி வையுங்கள். முக்கியமான கணக்கை இரு நாள்களில், முடிந்தால் இரு கணினிகளில் ஓட்டுங்கள். வேறுபாடு தோன்றினால் முதலில் இயல்பு அமைப்புக்குத் திரும்புங்கள். பிறகு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஆய்வு முறை பற்றிய இயலில் நிரலின் பெயரோடு கணினியின் அமைப்பையும் இரண்டு வரியில் குறிப்பிடுங்கள். வழிகாட்டிகளும் ஆய்வுக்குழுவினரும் “இதை எத்தனை முறை ஓட்டினீர்கள்?” என்று கேட்கத் தொடங்கினால் இவையெல்லாம் தாமே வழக்கமாகிவிடும்.

நானும் தம்பியும் பயன்படுத்திய சோதனைப் பதிவேட்டின் மாதிரிப் படிவம் ஒரு பக்க அளவில் இருக்கிறது. வேண்டுவோர் எழுதுங்கள், அனுப்புகிறேன்.

அக்ரஹாரம், மைசூரு